ஒத்தை மரத்துப் பக்கம்

வைரக்கண்ணு குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. நாவல்குடிக்காட்டில் இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பதினோரு வருடம் அவன் குடித்துக் கிடந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு ஞாபகசக்தி கொஞ்சம் ஓரவஞ்சனையானது. பதினோரு வருடத்தை நேற்று நடந்ததுபோல் சொல்லும், நான்கு வருடத்தைக் கேட்டால் தலையைச் சொறியும். அதனால்தான் குவாரி மேனேஜர் பஞ்சநாதன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "சங்கு ஊதி, செவப்புக் கொடி ஏத்தி, முறைப்படிதான் வெடி வெச்சோம். உங்காளு தண்ணியப் போட்டுட்டு எல்லைக்குள்ள வந்து நின்னா நாங்க என்னங்க பண்றது" என்று கேட்டபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் ஆமாம் என்று தலையைக்கூட ஆட்டினார்கள். யார் அந்த இரண்டு பேர் என்று வைரக்கண்ணுவின் மனைவி சாந்தா நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அரியலூருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் குவாரி வேலியை ஒட்டி அவர்களுக்கு முக்கால் ஏக்கர் கடலைக்கொல்லை. செவ்வாயும் வெள்ளியும் பகல் ஒரு மணிக்குக் குவாரியில் வெடி. வைகாசி இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கே வெடித்துவிட்டார்கள். வரப்பில் முள் வெட்டிக்கொண்டிருந்த வைரக்கண்ணுவின் வலது முழங்காலுக்குக் கீழே தேங்காய் மூடியளவு கல் ஒன்று வந்து விழுந்தது. எலும்பு இரண்டாக நின்றது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

சங்கு ஊதியது என்று பஞ்சநாதன் சொன்னது பச்சைப் பொய். வெடிக்கு முன்னால் ஊதும் சைரனைத்தான் அந்த ஊரில் சங்கு என்பார்கள். முன்பெல்லாம் சங்கு ஊதினால் பெண்கள் அலமாரியிலிருந்து சில்வர் பாத்திரங்களை இறக்கித் தரையில் வைப்பார்கள். இல்லாவிட்டால் வெடி அதிர்ச்சியில் அதுவே இறங்கிவிடும். ஆண்கள் மாட்டைப் புளியந்தோப்புக்கு ஓட்டிப் போவார்கள். தை மாதம் பஞ்சநாதனின் கம்பெனி குவாரியைக் காண்ட்ராக்ட் எடுத்த பிறகு சங்குச் சத்தம் நின்றுபோனது. நின்றதை ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டரை ஆனதும் கடிகாரத்தைப் பார்த்துப் பாத்திரத்தை இறக்கிப் பழகிவிட்டார்கள். சாந்தாவும் அப்படித்தான் பழகினாள். நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தோமே என்று இப்போது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பஞ்சநாதன் ஒரு தாளை அனுப்பினான். வைத்தியச் செலவும் கைக்குக் கொஞ்சமும் தருவார்களாம், கையெழுத்துப் போட்டால் போதுமாம். தாளின் நடுவில், 'மது அருந்திய நிலையில் எச்சரிக்கையை மீறி' என்று ஒரு வரி இருந்தது. எட்டாவது வரை படித்த சாந்தா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கொண்டுவந்தவன் கையிலேயே தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பணத்த ஒங்க மேனேஜரே வெச்சிக்கட்டும். அந்த ஒரு வரிய அவரு வாயால இல்லைன்னு சொல்லணும். ஊரு முன்னாடி சொல்லணும். அதுதான் எனக்கு வேணும்."

உள்ளே கட்டிலில் கிடந்த வைரக்கண்ணு, "விடு சாந்தா" என்றான். "குடிகாரன்னு பேரு கட்டியாச்சு. இனிமே குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன."

இந்தப் பேச்சுதான் அவளைப் பயமுறுத்தியது. கால் மூன்று மாதத்தில் கூடிவிடும். இந்த மனுசன் மறுபடியும் அந்தப் பக்கம் சாய்ந்தால் கூட்டியெடுக்க எந்த ஆஸ்பத்திரியும் கிடையாது. நான்கு வருடம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த பேரை ஒருத்தன் வெற்றிலை துப்புகிற மாதிரி துப்பிவிட்டுப் போவதா? விட மாட்டேன் என்று அப்போதே முடிவு கட்டினாள்.

அவளிடம் இருந்த ஆயுதம் ஒரு கேமரா.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி முத்தமிழ்செல்வன் பொங்கலுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த தடவை அவன் வருவதற்குள் வீட்டு விசேஷமெல்லாம் படமாக இருக்க வேண்டும் என்பது அவன் உத்தரவு. பார்க்க ஒரு கைக்கு அடக்கமாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் மூக்கு நீளும். பின்பக்கத்துச் சின்னத் திரை ஜன்னல் கதவுபோலத் திறந்து எந்தப் பக்கமும் திரும்பும், கேமராவை இடுப்புயரத்தில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்துப் படமெடுக்கலாம். மேலே ஒரு திருகு. அதில் எழுதியிருந்த இங்கிலீஷை சாந்தா சட்டை செய்யவில்லை, படங்களை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள். பெண் தலை போட்டிருந்தால் ஆள் முகத்துக்கு. மலை போட்டிருந்தால் தூரக் காட்சிக்கு. ஓடுகிற ஆள் போட்டிருந்தால் நில்லாமல் ஆடும் பிள்ளைகளுக்கு. சினிமா மிஷின் போட்டிருந்தால் பேச்சும் அசைவும் சேர்ந்து பதியும். கை நடுங்குவதுபோல ஒரு படம் போட்ட பொத்தானும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் கை கொஞ்சம் ஆடினாலும் படம் ஆடாது.

எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிடித்தது விரல் நுனியில் இருந்த நெம்புகோல். அதன் ஒரு பக்கம் மூன்று மரம், மறுபக்கம் ஒற்றை மரம். மூன்று மரத்துப் பக்கம் தள்ளினால் உலகம் எட்டப் போய் எல்லாம் தெரியும். ஒத்தை மரத்துப் பக்கம் தள்ளினால் பன்னிரண்டு மடங்கு கிட்டே வரும். பனை உச்சியில் இருக்கும் நுங்குக் குலையை எண்ணிப் பார்க்கலாம். "அக்கா, இதுல வெளையாடாதே, வெலை அதிகம்" என்று தம்பி சொல்லியிருந்தான். விளையாட அவளுக்கு நேரமும் இருந்ததில்லை.

கம்பத்தில் கொடி ஏறுவதில்லை, சங்கு ஊதுவதில்லை என்று காட்ட வேண்டும். சங்கு ஊதவில்லை என்பதை எப்படிப் படமெடுப்பது? கொடியையாவது பிடிக்கலாம். வேலியோரத்தில் ஒரே இரும்புக் கம்பத்தில்தான் கொடிக்கயிறும் இருந்தது, உச்சியில் வாய் விரிந்த சங்கும் இருந்தது. அடுத்த மூன்று வெடிக்கும் சாந்தா புளியந்தோப்பில் நின்றாள். தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டைக் கிளைக் கவையில் வைத்து, அதன் மேல் கேமராவை அசையாமல் உட்கார வைத்தாள். தானே எடுத்துக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் இரண்டு விநாடியில் அதுவே படமெடுக்கும். பின்னால் வெள்ளைப் புழுதி மலைபோல் எழும்ப, முன்னால் கொடியில்லாத மொட்டைக் கம்பம். மூன்று வெடிக்கும் மூன்று படம்.

இடையில் ஒரு திங்கட்கிழமை பெரம்பலூர் போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். மனு கீழே இறங்கி தாசில்தார் ஹேமலதாவிடம் வந்தது. அந்தம்மா நாவல்குடிக்காட்டுப் பஞ்சாயத்து ஆபீஸிலேயே விசாரணை வைத்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் கழுவி வாங்கிய மூன்று படத்தையும் சாந்தா மேஜை மேல் வரிசையாக வைத்தாள். ஊரே எட்டிப் பார்த்தது. பார்த்த கண்ணெல்லாம் கொஞ்சம் விரிந்ததைக் கண்டு அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பஞ்சநாதன் ஒரு படத்தை எடுத்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூலையைப் பார்த்தான். சிரித்தான்.

"அம்மா, இதுல தேதியப் பாருங்க. ஒண்ணு, ஒண்ணு, ரெண்டாயிரத்தி அஞ்சு. இதுலயும் அதே. இதுலயும் அதே. போன வருசம் ஜனவரி ஒண்ணாந் தேதி நாங்க இந்தப் பக்கமே வரலைங்க. அப்ப யாரு காண்ட்ராக்டோ, அவங்களத்தான் கேக்கணும்."

கூட்டம் சிரித்தது. தலையாட்டிய அதே இரண்டு பேர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தில் அந்தத் தேதி மூன்றிலும் அச்சாக நின்றது. சாந்தா அதை அதுவரை பார்க்கவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் கொடியில்லாத கம்பத்தை.

"போன ரெண்டு வாரத்துல எடுத்ததும்மா. எம்புள்ளைங்க மேல சத்தியம்."

"சத்தியத்த நான் எழுத முடியாதும்மா" என்றார் தாசில்தார். குரலில் கோபம் இல்லை. "தேதி தப்பா இருக்கற படத்த எந்த ஃபைல்ல வெப்பேன் சொல்லுங்க. வாட்ச்மேன் வெடி வெக்கறப்பல்லாம் சங்கு ஊதினேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அடுத்த வியாழக்கெழம நேர்ல வந்து எடத்தப் பாக்கறேன்."

வாட்ச்மேன் ஆண்டவர் அதே ஊர்க்காரர், சாந்தாவுக்கு அண்ணன் முறை. அவர் ஒரு மூலையில் தரையைப் பார்த்தபடி நின்றார். சங்குப் பொத்தானை அழுத்துவதுதான் அவர் வேலை. அழுத்தவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். சாந்தாவுக்கு அது புரிந்தது. புரிந்தாலும் மன்னிக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தம்பியைப் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, செல்லக் கழட்டினியா?"

கழற்றாமல் என்ன செய்வாள்? கேமராவுக்கும் ரேடியோவுக்கும் ஒரே அளவு பென்டார்ச் செல். படமெடுத்து முடித்ததும் நான்கு செல்லையும் உருவி ரேடியோவில் போட்டுவிடுவாள். சும்மா கிடந்து வீணாகப் போகக் கூடாதே. கட்டிலில் கிடக்கிற மனுசனுக்குப் பாட்டாவது ஓடும்.

"தேதிக்குன்னு உள்ள ஒரு பொட்டு பேட்டரி இருக்குக்கா. அது செத்திருக்கும். நீ செல்ல எடுக்க எடுக்கத் தேதி மொதல்லருந்து ஆரம்பிச்சிருக்கு. ஆன் பண்ணறப்ப ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இங்கிலீஷ்ல என்னமோ வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அமுக்கி அனுப்பிட்டேன்."

மறுமுனையில் தம்பி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கடல் தாண்டிக் கேட்டது. தேதி வைக்கும் விதத்தைப் படிப்படியாகச் சொன்னான். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவிலிருந்து செல்லை உருவிக் கேமராவில் போட்டு, அம்புக்குறிகளை அழுத்தி அழுத்தி நாள், மாதம், வருடம் எல்லாம் சரியாக வைத்தாள். இனி இதைக் கழற்றுவதில்லை.

"ரேடியோ?" என்றான் வைரக்கண்ணு.

"கொஞ்ச நாளைக்குச் சும்மா கெடங்க."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எதிர்வீட்டுப் பாவாடை அவனைப் பார்க்க வருவதாகவும், வரும்போது மடியில் ஏதோ புடைத்திருப்பதாகவும் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். சாந்தா அன்றே பாவாடையை வாசலில் மறித்து, "எங்க வூட்டுக்குள்ள வரணும்னா வேட்டிய ஒதறிட்டு வாங்க" என்றாள். அவன் அதன்பிறகு வரவில்லை. ஆனால் பாவாடை ஒருத்தன்தானா ஊரில்?

மறுநாள் குவாரியில் வேலை இல்லை. சாந்தா கேமராவை எடுத்துக்கொண்டு கடலைக்கொல்லைக்குப் போனாள். வேலி ஓரம் குவாரி மண்ணும் கல்லும் குவிந்த மேடு ஒன்று உண்டு, அங்கிருந்து கம்பம் இருநூறு அடிதான் இருக்கும். வெடி நாளில் அங்கே நிற்க முடியாது, அதனால் அவள் இதுவரை தோப்பிலிருந்தே பார்த்தாள். இன்று மேட்டின் மேல் சும்மாட்டை வைத்துக் கேமராவை அமர்த்தினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கயிற்றில் பழைய கொடித் துணி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நினைத்தாள். ஒத்தை மரத்துப் பக்கம் தள்ளத் தள்ளக் கம்பம் மேலே மேலே வந்தது. கயிறு, ஆணி, துரு. அதற்கு மேல் சங்கின் விரிந்த வாய்.

வாய்க்குள்ளிருந்து வைக்கோல் தொங்கியது.

வெறுங்கண்ணால் பார்த்தால் ஏதோ அழுக்கு என்றுதான் படும். திரையில் வைக்கோல் வைக்கோலாகத் தெரிந்தது. ஒரு பாலிதீன் துண்டும் கோழி இறகும்கூடத் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மைனா பறந்து வந்து சங்கின் விளிம்பில் உட்கார்ந்தது. அலகில் வெட்டுக்கிளி. உள்ளே போனது. வெளியே வந்தபோது வெட்டுக்கிளி இல்லை.

 வாரத்துக்கு இரண்டு தடவை ஊதுகிற சங்குக்குள் எந்த மைனா குடும்பம் நடத்தும்? அந்தச் சத்தத்துக்கும் காற்றுக்கும் முட்டை ஒன்றுகூட நிற்காதே. ஊதவில்லை என்பதைப் படமெடுக்க முடியாது என்று நினைத்திருந்தாள். அது இரண்டு இறக்கையோடு வந்து கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது.

படம் எடுத்தாள். தேதியும் சரியாக விழுந்தது. ஆனால் யாரிடமும் காட்டவில்லை. படத்தைக் காட்டினால் பஞ்சநாதன் அதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பான், அன்றே ஆளை ஏற்றிக் கூட்டையும் பிய்த்து எறிவான். தாசில்தார் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். வைரக்கண்ணுவிடம் மட்டும் சொல்லலாமா என்று நினைத்து, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது வைக்கோலுக்கு நடுவே மூன்று மஞ்சள் வாய் திறந்து திறந்து மூடியது. அதையும் படம் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் புதுக் கவலை. குஞ்சு வளர்வது வேகமாக இருந்தது. வியாழக்கிழமைக்குள் பறந்துவிடக் கூடாதே. வியாழக்கிழமையும் வந்தது, தாசில்தார் வரவில்லை. வேறு அவசர வேலையாம், திங்கட்கிழமை வருவாராம். சாந்தா வேலி ஓரத்தில் நின்று, "இன்னும் நாலே நாளு பொறுத்துக்கங்கடா சாமி" என்று குஞ்சுகளிடம் கெஞ்சினாள். முதுகில் கறுப்பாகக் கட்டியிருந்த முளை அதற்குள் இறக்கையாக விரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று விளிம்புவரை வந்து இறக்கையை அடித்துப் பார்த்தது. அன்று அவள் சோறு சரியாகத் தின்னவில்லை.

திங்கட்கிழமை தாசில்தாரின் ஜீப் வந்தது. ஊரும் பின்னால் வந்தது. பஞ்சநாதன் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். கம்பத்தில் கடை மடிப்புக்கூடக் கலையாத சிவப்புக் கொடி. வேலியில் 'எச்சரிக்கை' என்று பெயிண்ட் காயாத பலகை.

"சங்க ஊதிக் காட்டுங்க" என்றார் தாசில்தார்.

பஞ்சநாதன் கையைப் பிசைந்தான். "அதாங்கம்மா, காலையிலேருந்து கரண்டு இல்ல. வந்ததும் ஊதிக் காட்டறோம்."

கிளார்க் எழுத ஆரம்பித்தார். 'சைரன் உள்ளது. மின்தடை காரணமாக' என்று அவர் பேனா ஓடியது சாந்தாவுக்குத் தெரிந்தது. அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஊத வேண்டாம்மா. ஊதினா குஞ்சு செத்துப்போயிடும்."

"எந்தக் குஞ்சு?"

"மேட்டு மேல ஏறி வாங்கம்மா. ஒரு நிமிசந்தான்."

தாசில்தார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்மேட்டில் ஏறினார். சாந்தா சும்மாட்டில் கேமராவை வைத்து, திரையை அவர் முகத்துப் பக்கம் திருப்பினாள். நெம்புகோலைத் தான் தொடவில்லை.

"நீங்களே தள்ளுங்க. இந்த ஒத்தை மரத்துப் பக்கம். இதுல படம் எடுக்க வேண்டாம், தேதி பாக்க வேண்டாம். நேரா பாருங்க."

தாசில்தார் தள்ளினார். கொடி வந்தது, ஆணி வந்தது, சங்கு வந்தது. சங்கின் விளிம்பில் மூன்று குஞ்சு, இறக்கை முளைத்து, கண்ணோரம் மஞ்சள் பூத்து, வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. தாய் மைனா வந்து ஒன்றின் வாயில் எதையோ திணித்துவிட்டுப் போனது. தாசில்தார் ரொம்ப நேரம் பார்த்தார். கிளார்க்கைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தலையாட்டிப் பழகிய அந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

பஞ்சநாதனும் பார்த்தான். முகம் மாறியது, வாய் மாறவில்லை. "மைனா ரெண்டு நாள்ல கூடு கட்டிடுங்கம்மா. இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"கூடு ரெண்டு நாள்ல கட்டும்" என்றாள் சாந்தா. "றெக்க ரெண்டு நாள்ல மொளைக்குமா? அடை பதினஞ்சு நாளு. றெக்க மொளைக்க இருவது நாளு. எங்க வூட்டுக்காரரு அடிபட்டு இன்னியோட இருவத்தேழு நாளு. அன்னிக்கி அது முட்ட மேல உக்காந்திருந்துச்சும்மா. சங்கு ஊதியிருந்தா முட்ட கீழ விழுந்து ஒடஞ்சிருக்கும். அவரு கால் ஒடஞ்சிருக்காது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

பஞ்சநாதனுக்கு அப்போது புத்தி மழுங்கியது. "யோவ் ஆண்டவரே, ஏணியப் போட்டு அந்தக் குப்பைய எடுத்துப் போடுய்யா" என்றான்.

ஆண்டவர் ஏணியைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிப் பஞ்சநாதனின் கையில் கொடுத்தார்.

"பொய் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். இத மட்டும் என்னால முடியாது." பிறகு தாசில்தார் பக்கம் திரும்பினார். "தை மாசமே மோட்டார் எரிஞ்சுபோச்சுங்கம்மா. அன்னியிலேருந்து ஊதல. வைரக்கண்ணு அன்னிக்கிக் குடிக்கல. நான்தான் ஆளுங்களோட கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். வாய்ல பல்பொடி வாசனதான் வந்துச்சு."

இதைச் சொல்ல இவருக்கு இருபத்தேழு நாள் ஆகியிருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டார் என்று சாந்தா நினைத்துக்கொண்டாள். அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை அவள் வைத்துக்கொண்டாள்.

கிளார்க் எழுதியதைத் தாசில்தார் வாங்கி ஒரே கோடாக அடித்தார். புதிதாக எழுதச் சொன்னார். சைரன் வேலை செய்யும் வரை வெடி வைக்கக் கூடாது என்று அதில் சேர்க்க வைத்தார். பஞ்சநாதன் அவசரமாக, "இன்னிக்கே புது மோட்டார் போட்டுடறோம்மா" என்றான்.

"குஞ்சு பறக்கட்டும்" என்றாள் சாந்தா. "அதுவரைக்கும் அந்தக் கம்பத்துல யாரும் கை வெக்கக் கூடாது. சங்கு இல்லைன்னா வெடியும் இல்ல."

தாசில்தார் பஞ்சநாதனைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல?"

எல்லாம் முடிந்து ஜீப் கிளம்பத் தயாரானது. பஞ்சநாதன் தணிந்த குரலில், "அந்த வரிய எடுத்துட்டு வேற பேப்பர் போட்டுத் தரேம்மா. நாளைக்கி ஆபீஸ் பக்கம் வாங்க" என்றான்.

"ஆபீஸ்ல ஏன்? நீங்க சொன்னது ஊருக்கு நடுவுல. எடுக்கறதும் ஊருக்கு நடுவுல."

அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். சாந்தா கேமராவை எடுத்து மேல் திருகைச் சினிமா மிஷின் படத்துக்குத் திருப்பினாள். மூக்கு நீண்டது.

"இதுல பேச்சும் பதியும். எங்க வூட்டுக்காரரால இவ்ளோ தூரம் நடந்து வந்து கேக்க முடியாது. சத்தமா சொல்லுங்க."

பஞ்சநாதன் தாசில்தாரைப் பார்த்தான். அந்தம்மா ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றாரே தவிர ஏறவில்லை. ஊர் நின்றது. வேறு வழியில்லாமல் அவன் கேமராவைப் பார்த்துச் சொன்னான். "வைரக்கண்ணு அன்னிக்கிக் குடிக்கல. நாங்க சங்கு ஊதல. குடிச்சான்னு நான் சொன்னது பொய்."

"சரிங்க" என்று சாந்தா பொத்தானை அழுத்தினாள். கை நடுங்கியது. நடுக்கத்துக்கான பொத்தானைப் போட்டிருந்ததால் படம் நடுங்கவில்லை.

வீட்டில் வைரக்கண்ணு சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையை அவன் பக்கம் திருப்பினாள். முதலில் மைனாக் குஞ்சுகளைக் காட்டினாள். அடுத்து பஞ்சநாதன் வந்தான். உள்ளங்கையளவு ஆள், உள்ளங்கையளவு குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. வைரக்கண்ணு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ போடு."

போட்டாள். முடிந்ததும் மறுபடியும் கேட்டான். நான்காவது தடவை திரையின் மூலையில் சிவப்பாகச் செல் படம் மினுங்க ஆரம்பித்தது. ரேடியோவுக்கு வேறு செல் இல்லை, வாங்க அரியலூர்தான் போக வேண்டும்.

"போதுங்க. செல்லு தீந்துடும்."

அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டிக் கேமராவை வாங்கிக்கொண்டான்.

"தீரட்டும்" என்றான்.